நோன்பு மேஜையில் பன்றிக்கறி

சாச்சாக் ஊரில், வீட்டுக் காவல் புனிதரின் திருநாளான ஸ்லவாவுக்கு விதொசாவா வைக்கும் விருந்து மேஜையைக் குறை சொல்ல இருபத்தெட்டு வருடமாக எவராலும் முடிந்ததில்லை. அதை ஒரே படத்தில் முடித்துவைத்தான் கொழுந்தன் மில்கோ.

புனித நிக்கோலா அந்த வீட்டின் காவலர். அவர் திருநாள் நோன்புக் காலத்தில் வரும். கறி, முட்டை, பால் எதுவும் மேஜைக்கு வரக்கூடாது. மில்கோவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்! புத்தாண்டுக்கு அவள் சுட்ட பன்றிக்குட்டியின் பழைய படத்தை எடுத்து, திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் முகநூலில் போட்டான். "எங்கள் அண்ணி வைக்கும் நிக்கோலா மேஜை. இவள்தான் பெண். வேலை வேலை என்று ஊர் சுற்றுகிறவர்களே, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எழுதி வைத்தான்.

அவ்வளவுதான், தேன்கூட்டில் கல் எறிந்த கதையாகிவிட்டது. பக்திமான்கள், நோன்பில் பன்றி தின்கிற வீடு என்று காறித் துப்பினார்கள். வேலைக்குப் போகும் பெண்கள், அடுப்படி அடிமை என்று சிரித்தார்கள். பெல்கிரேடில் இருக்கும் மகள் நெவென்காவும் சும்மா இருக்கவில்லை. "என் அம்மா சம்பளமில்லாத வேலைக்காரி" என்று எழுதினாள். அதற்கு ஆயிரம் இதயங்கள் விழுந்தன.

விதொசாவா கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"படத்தை எடுடா. ஊர்ல தலை காட்ட முடியல."

"விடுங்க அண்ணி. மூவாயிரம் பேர் லைக் போட்டிருக்காங்க. உங்களைப் பத்தி நல்லாத்தானே எழுதியிருக்கேன்!"

நல்லது எழுதினானாம். அவள் போனைத் துண்டித்தாள்.

ஸ்லவாவுக்கு யாரையும் அழைக்கிற வழக்கம் கிடையாது. வர நினைக்கிறவர்கள் வருவார்கள், வந்தவரைத் துரத்தவும் கூடாது. வழக்கமாக நாற்பது பேர் வரும் வீட்டில், அன்று பகல் இரண்டு மணி வரை பதினோரு பேர்தான். எதிர்வீட்டு மிலுங்கா ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டாள். விதொசாவா காலி நாற்காலிகளைப் பார்க்கப் பார்க்க, மில்கோவின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. அவள் கணவன் ரதிஷா, வழக்கப்படி உட்காராமல் நின்றபடியே விருந்தினருக்குப் பரிமாறிக்கொண்டிருந்தான். வருடத்தில் ஒரு நாள் நிற்கிறதற்கு அவனுக்குக் குடும்பத் தலைவன் என்று பாராட்டு வேறு.

மில்கோ வந்தான், வெட்கமில்லாமல். நெவென்காவும் வந்தாள், கையில் போனோடு. மேஜையில் அவர்களுக்கு நடுவில் ஊர்ப் பாதிரியார் உட்கார்ந்தார்.

புளித்த முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய சர்மாவை மில்கோ வாயில் போட்டான். மென்றான். கண் விரிந்தது. ஒரு வாரம் திட்டு வாங்கியவனுக்குச் சிக்கியதே ஒரு சாட்சி!

"கறி! பாருங்க சாமி, உள்ளே கறி! நான் போட்டது பொய்யில்லை. இந்த வீட்டுல நோன்புக்கும் கறிதான்!"

கரண்டிகள் நின்றன. விதொசாவா பாதிரியாரைப் பார்த்தாள். பாதிரியார் எழுந்து போய்விட்டால் இனி இந்த வீட்டு வாசலை யார் மிதிப்பார்கள்?

பாதிரியார் ஒரு சர்மாவைப் பிரித்தார், முகர்ந்தார், நாக்கில் வைத்தார்.

"அக்ரூட்" என்றார். "வறுத்து அரைச்ச அக்ரூட் பருப்பும் அரிசியும். உன் நாக்கை என்னத்துக்குடா வெச்சிருக்கே, மில்கோ?"

மேஜையே அதிரும்படி சிரித்தார்கள். மில்கோ தட்டைத் தள்ளி வைத்தான்.

"இருபத்தெட்டு வருஷமா இதே மேஜையில கொட்டிக்கிறே" என்றாள் விதொசாவா. "என்ன திங்கிறோம்னு ஒரு நாள் பார்த்ததுண்டா? நீ எனக்குப் பரிஞ்சு பேசுறியா?"

"அப்படிப் போடும்மா!" நெவென்கா போனை உயர்த்தினாள். "இன்னொரு தடவை சொல்லு, படம் பிடிக்கிறேன். உன்னை எப்படி உறிஞ்சிருக்காங்கன்னு ஊரே பார்க்கட்டும்."

விதொசாவா அவள் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏண்டி குதிக்கிறே? இதுல அக்ரூட் இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

நெவென்கா போனைத் தாழ்த்தினாள்.

"கேக்கிறேன்ல. பொறந்ததிலேர்ந்து தின்னவதானே நீ."

"தெரியாதும்மா."

"ஒரு வாரமா ராத்திரி பகலா என்னைப் பத்தி எழுதினீங்க, ரெண்டு பேரும்" என்றாள் விதொசாவா. சட்டியை எடுத்து முதலில் கொழுந்தன் தட்டிலும், பிறகு மகள் தட்டிலும் ஆளுக்கு இரண்டு சர்மா போட்டாள். "போனைக் கீழே வெச்சிட்டு, வாயை மூடிச் சாப்பிடுங்க."