ஒரு குரல் கொடுத்துவிட்டு வாம்மா

போன மாதம் ஒரு காலை. இதே பத்திக்காகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, முதல் வரி வராமல் முழித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. என் கை மவுஸ் மேல் இல்லை. காபி டம்ளர் மேல் இருந்தது!

‘‘ஐயோ… போச்சு!’’ என்று நான் போட்ட சத்தத்துக்கு மாடியிலிருந்து பதில் வந்தது.

‘‘அங்கிள், பயப்படாதீங்க… நான்தான்!’’

ஜான்சி. படப்பையில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற பெண். ஒரகடம் பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டு, சுற்றுவட்டாரத்துச் சின்னக் கம்பெனிகளுக்கு அதே வேலையைச் செய்து தரச் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கிறாள். கணவன் அந்தோணிக்குக் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அவன் சம்பளத்தில் வீடு ஓடுகிறது, இவள் தைரியத்தில் தொழில் ஓடுகிறது.

இந்தத் தொழிலுக்கு முதல் தேவையே ஒரு சாப்ட்வேர்தானாம். அதை வாடிக்கையாளரின் கம்ப்யூட்டர்களில் போட்டுவிட்டால், இவள் மாடியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் கண்காணிக்கலாம். டிஸ்க் நிரம்புகிறதா, வைரஸ் வந்ததா, பேக்கப் ஓடியதா… எல்லாவற்றுக்கும் இவளுக்கு அலர்ட் வந்துவிடும். உள்ளே நுழைந்து சரிசெய்யவும் செய்யலாம். சந்தையில் இதற்கு ஏகப்பட்ட சாப்ட்வேர்கள். இலவச ட்ரையலில் ஓட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓட்டிப் பார்க்க ஒரு சோதனை எலி வேண்டாமா? என் கம்ப்யூட்டர்தான் எலி. சரி என்று தலையாட்டிவிட்டு நான்தான் மறந்துபோயிருந்தேன்.

‘‘உங்க கம்ப்யூட்டர் ஒண்ணு போதும் அங்கிள். எல்லா அலர்ட்டையும் டெஸ்ட் பண்ணிடலாம்!’’

கிண்டல் எனக்கா, கம்ப்யூட்டருக்கா? கேட்கவில்லை. சிரித்துவிட்டேன். ஆனால், தேவகி சிரிக்கவில்லை.

தேவகி — பெயரை மாற்றியிருக்கிறேன் — சேரப்பணஞ்சேரிக்காரர். ஜான்சிக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் ஒரு உதிரிபாகக் கம்பெனி. அங்கே அக்கவுன்ட்ஸ் பார்ப்பவர். இரண்டாவது எலி அவருடைய கம்ப்யூட்டர். இருப்பதிலேயே மலிவான சாப்ட்வேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜான்சி போய்ப் போட்டுவிட்டு வந்தாள். ‘ஸ்டாஃப் கிட்ட நான் சொல்லிக்கிறேன்’ என்றாராம் முதலாளி. சொல்லவில்லை.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரம். சீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நினைத்து ஜான்சி உள்ளே நுழைந்திருக்கிறாள். தேவகி சீட்டில்தான் இருந்தார். திரையில் அவருடைய சொந்த விஷயம் ஒன்று திறந்திருந்தது. அம்பு தானாக நகர்ந்ததும், மனுஷி பதறிப்போய் பிளக்கையே பிடுங்கிவிட்டார். முதலாளி பார்க்கிறார், ஆபீஸே பார்த்துவிட்டது என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்தான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. போன் சுவிட்ச் ஆஃப்.

‘‘அப்படி என்னம்மா இருந்தது?’’ என்றேன் ஜான்சியிடம்.

‘‘அத மட்டும் கேக்காதீங்க அங்கிள்.’’

எனக்கு மண்டை வெடித்தது. பத்தி எழுதுகிறவனிடம் பாதிக் கதையில் நிறுத்தினால் எப்படி? ஆனால், அவள் கண் கலங்கியிருந்தது. ‘‘அவங்க வேலை போச்சுன்னா அது என்னாலதான்’’ என்றாள்.

அன்று மாலையே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சேரப்பணஞ்சேரிக்குப் போனாள். வாசலில் நின்று, ‘‘தேவகி அக்கா… நான் ஜான்சி. அன்னிக்கு உங்க கம்ப்யூட்டர்ல வந்தது நான்தான்க்கா…’’ என்று குரல் கொடுத்தாளாம். கதவு திறக்கவே வெகுநேரம் ஆயிற்றாம்.

திறந்ததும் தேவகி கேட்டது ஒன்றே ஒன்று. ‘‘நீ பாத்தியா?’’

பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். இவள் சொல்லவில்லை.

‘‘பாத்தேன்க்கா. நான் மட்டுந்தான் பாத்தேன். என் வூட்டுக்காரர்கிட்ட கூட சொல்லல. மன்னிச்சிருங்கக்கா.’’

தேவகி அழுதிருக்கிறார். அழுது முடித்ததும் கோபம் வந்திருக்கிறது.

‘‘இப்ப வூட்டாண்ட வந்து வாசல்ல நின்னுகினு கூப்ட்ட இல்ல? அதே மாரி அங்கயும் ஒரு கொரல் குட்த்துட்டு வர்றதுக்கு இன்னா உனக்கு? ஒரு நிமிசம் போதுமே, மூடி வெச்சிருப்பேனே!’’

திட்டிக்கொண்டே டீயும் போட்டுக் கொடுத்தாராம். இதைச் சொல்லும்போது ஜான்சி அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்… மறைப்பானேன்?

அன்றைக்கே சாப்ட்வேரை முடிவு செய்துவிட்டாள். விலை கொஞ்சம் கூடுதல்தான். ஆனால், உள்ளே நுழைவதற்கு முன் எதிரே இருப்பவர் திரையில் அனுமதி கேட்டு ஒரு சின்னப் பெட்டி வரும். அவர் ‘சரி’ என்று அழுத்தினால்தான் கதவு திறக்கும். கேட்கிற வாசகத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். மலிவானதில் இந்த வசதியே கிடையாது.

முதலாளிக்கோ மலிவானதுதான் பிடித்திருந்தது. யார் என்ன செய்கிறார்கள் என்று சத்தமில்லாமல் பார்க்கலாமே! இவளுக்கு இருப்பதோ ஒரே வாடிக்கையாளர். அவரும் கைவிட்டால் தொழிலைத் தொடங்கிய கையோடு மூட வேண்டியதுதான். இருந்தும், மறுநாள் அவர் முன்னால் போய் நின்றாள்.

‘‘நான் துட்டு போட்டு வாங்கின கம்ப்யூட்டரும்மா. அதுக்குள்ள போறதுக்கு பர்மிஷன் கேக்கணுமா?’’ என்று எகிறியிருக்கிறார்.

‘‘சரி சார், பழசே இருக்கட்டும். உங்க ரூம் கம்ப்யூட்டர்லயும் அதையே போட்டுடறேன். எப்ப வேணா, கேக்காம வந்து பாத்துக்கறேன்.’’

மனிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ‘‘என்னுதுல மட்டும் கேட்டுட்டு வாம்மா’’ என்றாராம்.

‘‘எல்லாருக்கும் ஒரே செட்டிங்தான் சார்.’’

அடி சக்கை! முறைத்தாராம். பிறகு, ‘‘போட்டுத் தொலைம்மா… முதல்ல அந்த தேவகிய வரச் சொல்லு. பில்லு போட ஆளில்ல’’ என்றாராம்.

தேவகி வந்துவிட்டார். முதல் நாளே அவர் திரையில் பெட்டி வந்தது: ‘அக்கா, நான் ஜான்சி. உள்ளே வரலாமா?’ வேண்டுமென்றே கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டுத்தான் ‘சரி’ அழுத்தினாராம். வைக்கட்டுமே!

யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் போனை எடுத்துப் பார்க்க நமக்கு உரிமை இல்லையா? இருக்கிறது. மனைவியின் கைப்பையைத் திறக்க? அதுவும் இருக்கலாம். ஆனால், உரிமை இருக்கிற இடத்திலும் ஒரு குரல் கொடுத்துவிட்டு நுழைந்தால், உள்ளே இருப்பவரின் மானம் பிழைத்துப் போகிறது. அன்பு என்று நாம் சொல்வதில் பாதி அதுதானே?

இதை எழுதலாமா என்று ஜான்சி மூலம் தேவகியிடம் கேட்டனுப்பினேன். ‘எழுதச் சொல்லு. ஆனா அத மட்டும் எழுதக் கூடாது’ என்று பதில் வந்தது. தெரிந்தால்தானே எழுத!

இந்த இடம்வரை தட்டச்சு செய்தபோது என் திரையில் ஒரு பெட்டி முளைத்தது: ‘அங்கிள், நான் ஜான்சி. உள்ளே வரலாமா?’

அவசர அவசரமாகப் பக்கத்து விண்டோவை மூடிவிட்டு, நல்ல பிள்ளையாக ‘சரி’ அழுத்தினேன்.

அதில் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன் என்கிறீர்களா?

அதை மட்டும் கேட்காதீர்கள்!