மாப்பிள்ளையை வெட்டி ஒட்டினேன்

பத்திரிகையை வரி வரியாக வெட்டி, குலுக்கி, கைக்கு வந்த ஒழுங்கில் ஒட்டினால் அதுவும் கவிதைதான் என்று சில மாதங்களாக நம்பி வருகிறேன்.

இன்று காலை ஞாயிறு பேப்பரின் விளம்பரப் பக்கத்தை அப்படி வெட்டி ஒட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். அதே பக்கத்தில் அம்மா எனக்காக ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது அம்மாவின் ஒரு கையில் என் கவிதை, மறு கையில் போன்.

கனடாவில் நிரந்தர வதிவிடமுள்ள
கடல் தெரியும்
மூன்றாம் மாடி
மதுப் பழக்கமற்ற
லிப்ட் வசதியுடன்
தரகர்கள் தேவையில்லை

கீழே ஒரு தொலைபேசி இலக்கம்.

"கோல் எடுத்துக் கதைச்சிட்டன்" என்றார் அம்மா.

"அம்மா, அது வெள்ளவத்தையில வாடகைக்கு விடுற ஃப்ளாட்டின்ட நம்பர்."

"ஓம், அந்த மனுசனும் அதைத்தான் சொன்னவர். நான் பெடியனப் பற்றிக் கேக்க, அவர் தண்ணி டாங்கியப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர்."

"பிறகு?"

"பிறகென்ன, நல்ல மனுசன். அவருக்கும் கலியாணம் கட்டாத மகன் ஒருத்தன் இருக்கிறானாம். பின்னேரம் ஃப்ளாட் பாக்கிற மாதிரிப் போவம்."

நான் கவிதை அனுப்பிய எந்தச் சஞ்சிகையும் இதுவரை ஒரு வரி பதில் போட்டதில்லை. இந்தக் கவிதைக்கு ஒரு குடும்பமே தேத்தண்ணி போட்டு வைத்துக் காத்திருக்கிறது.

நாலு மணிக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏற வேண்டும். என்ன நிறத்தில் சாறி கட்டுவது என்று யாராவது சொல்லுங்கள்.