கிடாய் துளுக்கவில்லை

இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறைக்காரன் நான், டேப் வைத்து அளந்து பார்த்ததைத் தவிர எதையும் நம்பினவன் இல்லை. குலதெய்வம் கோயிலுக்குக்கூட வீட்டுக்காரியின் நச்சரிப்பு தாங்காமல்தான் போவேன்.

போன சித்திரையில், மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனதற்கு, சேந்தமங்கலம் பக்கம் எங்கள் அம்மன் கோயிலில் கிடாய் வெட்டு. மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடாய் உடம்பை உதற வேண்டும், துளுக்குவது என்பார்கள், அதுதான் அம்மனின் உத்தரவு. காலை ஒன்பது மணிக்குத் தெளித்தார்கள். பன்னிரண்டரை வரைக்கும் அந்தக் கிடாய் என்னையே முறைத்துக்கொண்டு நின்றது. குடம் குடமாக ஊற்றியாயிற்று. சமையல்காரர் நாலு தடவை வந்து அடுப்பைப் பற்ற வைக்கவா என்று கேட்டுவிட்டார், பெரியப்பா காதில் ஊதச் சொல்கிறார், சம்பந்தி மஞ்சள் போதாது என்கிறார், எனக்கானால் ஆட்டுக்குப் பதிலாக நானே உதறிவிடலாமா என்றிருந்தது.

பூசாரி சாவகாசமாகச் சொன்னார்: "கூடப் பொறந்தவங்க யாரோ மனசு நொந்து கெடக்குறாங்க. கூப்புடாம உட்டீங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தம்மம்பட்டியில் இருக்கிறாள் என் அக்கா. அம்மா செத்தபோது அவள் வந்து சேருவதற்குள் நான் பிணத்தை எடுத்துவிட்டேன். முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லையே என்று போனவள்தான், ஏழு வருஷமாகப் பேச்சில்லை.

வீட்டுக்காரி போனைக் கையில் திணித்தாள். கடுப்போடு புளியமரத்தடிக்குப் போய் அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். சத்தியமாக அக்கா குரல்தான்.

"சனத்த ஏஞ்சாமி வெயில்ல காயப் போடற? எனக்கு உம்மேல கோவமில்ல. அம்மா மொகத்த நான் பாத்துட்டேன், போ."

அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஏதோ பதில் முனகினேன். அந்த நேரம் பின்னால் குலவைச் சத்தம். கிடாய் தலையிலிருந்து வால் வரைக்கும் உதறியிருந்தது.

சாயங்காலம் அக்கா பங்குக் கறியைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு நானும் வீட்டுக்காரியும் தம்மம்பட்டி போனோம். அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சத்தமே வரவில்லை. அவள் வீட்டுக்காரர்தான் சொன்னார்: "தொண்டையில ஆப்ரேசன் மாப்ள. ரெண்டு மாசமாச்சு, பேச்சு போயிருச்சு."

மத்தியானம் போனில் பேசினாளே என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அவள் போனை வாங்கிப் பார்த்தேன், என் அழைப்பு இருக்கிறது, எடுத்ததும் இருக்கிறது. அக்கா ஒரு நோட்டில் எழுதிக் காட்டினாள். நான் கூப்பிட்டதும் எடுத்தாளாம், பேச முடியாமல் அழுதாளாம், நான்பாட்டுக்கு நிறுத்தி நிறுத்தி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தேனாம்.

பட்டறையில் டவர் கோளாறு என்கிறார்கள், வீட்டுக்காரி அம்மன் என்கிறாள். இரண்டு பக்கமும் வாதாடி அலுத்துவிட்டேன். ஆனால் நோட்டில் அக்கா கடைசியாக ஒரு வரி எழுதியிருந்தாள்.

'சரிங்க, சரிங்கன்னு யாருகிட்டடா பேசுன?'

அக்காவிடம் நான் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசினதே கிடையாது.