ஐம்பதாம் எண் தீப்பெட்டி

அக்கா பாலிடெக்னிக்கில் படித்தபோது எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அது நான்தான். எனக்கு அப்போது எட்டு வயது.

பாலிடெக்னிக்கில் கட்டளை போட்டுப் பழக நாலு பேருக்கு ஒரு மைக்ரோபிராசசர் கிட். பையன்கள் பொத்தானை அமுக்குவார்கள், அக்கா நோட்டில் எழுதுவாள். பிராக்டிகலில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டிருந்தாள். மில் வேலை முடிந்து வந்த அப்பா தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் தேறலேன்னா ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரவுகளுக்குச் சரின்னு சொல்லிருவேன். பொறவு என்னையக் குத்தம் சொல்லப்படாது." அங்கே ஒரு பலசரக்குக்கடை மாப்பிள்ளை காத்திருந்தார்.

வீட்டிலேயே பழக அக்கா காலித் தீப்பெட்டிகளில் எண் எழுதி அடுக்கினாள். ஐம்பதாம் பெட்டிக்குள் 3 என்று ஒரு சீட்டு, ஐம்பத்தொன்றுக்குள் 4. அவள் எழுதித் தரும் கட்டளைகளை நான் வரிசையாகச் செய்ய வேண்டும். 'எல்.டி.ஏ.' என்றால் அந்த எண்ணுள்ள பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். 'எம்.வி.ஐ.' என்றால் பெட்டியைத் தொடவே கூடாது, எழுதிய எண்ணையே எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் எடுத்த இரண்டையும் கூட்டிச் சொல்ல வேண்டும்.

"ஐம்பத்தி நாலு" என்றேன்.

"ஏட்டி, ஏழுல்ல வரணும்! ஒழுங்காப் பாத்துச் செய்யி."

மறுபடியும் ஐம்பத்து நாலுதான் வந்தது. அக்காவின் கண் நிறைந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. அடுத்த முறை, தாளில் சொல்லாதபோதும் ஐம்பதாம் பெட்டியைத் திறந்து மூன்றை எடுத்து, "ஏழு" என்றேன். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவளுக்கு ஏழு சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பரீட்சை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தீப்பெட்டிகளைப் பரப்பினாள். "எழுதியிருக்கத மட்டும் செய்யி."

ஐம்பத்து நாலு.

"அங்கயும் கடைசி வரைக்கும் இதேதான் வந்துச்சு. ஒனக்கு மட்டும் எப்படி ஏழு வந்துச்சு?"

ஐம்பதாம் பெட்டியைத் தொட்டுக் காட்டினேன். "நீ அழுதேல்ல. அதான் தெறந்தேன்."

அவள் திட்டவில்லை. தாளில் விரல் வைத்து வரி வரியாகப் படித்து, 'எம்.வி.ஐ.'யை அடித்து 'எல்.டி.ஏ.' என்று எழுதினாள். "அட்ரஸிங் மோட் தப்பு. உள்ள இருக்கத விட்டுட்டு பெட்டி நம்பரையே கூட்டியிருக்கேன். இம்புட்டுத்தான்" என்றாள். மீண்டும் செய்தேன். இம்முறை ஏமாற்றாமலே ஏழு வந்தது. நான் கை தட்டினேன்.

இந்தத் தடவையும் தேறாது என்று அக்கா ராத்திரியே அப்பாவிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் காலை அவர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டார். தப்பைத்தான் திருத்தியாகிவிட்டதே, அக்கா ஏன் அதைச் சொல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது. தாளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

"அப்பா, ஏழு வந்துருச்சு!"

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். அங்கே போய் அவர்களிடம் காட்டத்தான் கொண்டுபோகிறார் என்று நினைத்து, நான் நிம்மதியாக வீடு திரும்பினேன்.