கொக்கி கோழி சுட்ட சாயங்காலம்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய காலம் முழுக்க அவருக்குக் கொக்கி என்றுதான் பெயர். ஓய்வு பெற்ற பிறகும் மனைவி கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். அவளுக்குக் கோபம் அடிக்கடி வரும்.

போன குளிர்காலத்தில் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. அதிலிருந்து வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அவர் கையை விட்டுப் போயின. முதலில் கத்தி போனது. அப்புறம் வெந்நீர்ப் பாத்திரம். எல்லாம் அன்பாகவே நடந்தது. அன்பாகப் பிடுங்குகிறவர்களோடு சண்டை போடுவது சிரமம். கோடை தொடங்கியதும் மகள் அவருக்கு ஒரு மூடி போட்ட குவளை வாங்கிவந்தாள். அதில் முயல் படம் வேறு.

அவர் முயலைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாடு என்னோடது. பின்னாடி முற்றத்துல கரி போட்டுக் கோழி சுடப்போறேன்" என்றார்.

"அப்பா, நெருப்புப்பா!"

"ஐஸ்கட்டியில சுட முடியாதும்மா."

ஞாயிற்றுக்கிழமை வீடு அடுப்புபோல் வெந்தது. கோழிக்கால்கள் காலையிலிருந்தே எலுமிச்சைச் சாற்றிலும் உப்பு, மிளகிலும் ஊறிக்கொண்டிருந்தன. கத்தி கேட்டால் பேச்சு வளரும் என்று பூண்டைப் பாட்டிலால் நசுக்கியிருந்தார். பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாயில் கரியைப் பற்றவைத்து, மேலே சாம்பல் பூக்கும்வரை காத்திருந்து, கம்பி வலையை வைத்து, அதில் கோழிக்கால்களையும் சோளக்கதிர்களையும் அடுக்கினார்.

அதற்குள் குடும்பமே சுற்றி நின்றுவிட்டது. மகள் கையில் தீப்புண் களிம்பு. மருமகன் கையில் தண்ணீர்க் குழாய்.

"இடுக்கியக் குடுங்க மாமா, நான் திருப்பறேன். நீங்க சும்மா உக்காந்து சொல்லுங்க, போதும்."

"எல்லாரும் உள்ள போங்க" என்றார் கொக்கி.

சிரித்துக்கொண்டே போனார்கள். அவர் பின்கதவைச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டார். முற்றத்துக்கு வேறு வழி கிடையாது.

அவருக்கு அதில் தப்பு தெரியவில்லை. பாரம் ஆடாது என்று எந்தக் கிரேன்காரனும் சத்தியம் செய்ய மாட்டான். காற்று அடிக்கும், சங்கிலி முறுக்கும், பாரம் ஆடத்தான் செய்யும். கீழே ஆள் நிற்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். ஆளை விலக்கிவிட்டுத்தான் தூக்குவார்கள்.

சமையலறை ஜன்னலில் மூன்று தலைகள் முளைத்தன.

"கொக்கி! கதவத் திற!" என்றாள் மனைவி. "பைத்தியமா உனக்கு?"

"வேல முடியட்டும்."

முழங்கையை விலாவோடு இறுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் இடுக்கியைப் பிடித்தார். நடுக்கம் கொஞ்சம் அடங்கும்வரை நின்று, பிறகு திருப்பினார். மெதுவான வேலை. சோளக்கதிர் நன்றாகவே வந்தது. கோழியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. சிலது ஒருபக்கம் கரிந்திருந்தது.

கடைசி வரிசையில் கை உதறியது. ஒரு துண்டு நழுவி, பீப்பாயின் விளிம்பில் பட்டுத் தரையில் விழுந்தது.

"போச்சு!" மகள் ஜன்னலைத் தட்டினாள். "இதுக்குத்தான் சொன்னேன். பாத்தீங்களா, விழுந்துடுச்சு!"

"விழுந்துச்சு" என்றார் அவர், நிமிராமல். "கீழ யாராவது நின்னாங்களா?"

மருமகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் அவனை முறைத்தாள்.

"உன் கையிலேர்ந்து எதுவும் விழுந்ததில்லையா? போன மாசம் ஒரு பானைச் சோத்தக் கொட்டினியே, உனக்கு யார் முயல் வாங்கிக் குடுத்தா?" என்று மகளைக் கேட்டார் கொக்கி.

அவர் மிச்சத்தையும் திருப்பி எடுத்துப் பெரிய தட்டில் அடுக்கினார். தட்டைக் கதவோரத் திண்டின்மேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தார். மறுபடி தூக்கியதும் தட்டு வலப்பக்கம் சாய்ந்தது. ஒரு கோழிக்கால் ஓரம்வரை வழுக்கிக்கொண்டு போய் நின்றது. மகள் பதறி இரண்டு கையையும் நீட்டினாள்.

"கைய எடுடி" என்றாள் மனைவி. நாற்காலி ஒன்றைக் காலால் தள்ளி வழிவிட்டாள். "எல்லாரும் ஒதுங்கி நில்லுங்க. அவரே கொண்டுவந்து வைப்பாரு."

மருமகன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். மகள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மேசை சமையலறையின் அந்தக் கோடியில் இருந்தது.

தட்டு ஆடியது. அவர் நடந்தார்.