எட்டைக் காணாத எண்

போன வாரம் குற்றாலத்தில் சாரலோடு மிளகாய் பஜ்ஜி வாசனை வந்ததும் எனக்குப் பசிக்கவில்லை, 12345679 ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் தட்டுத் தடுமாறித் தேறியவனுக்கும் ஒரு எண்ணோடு பழக்கம் இருக்கக் கூடாதா?

எட்டு மட்டும் இல்லாத எண் அது. ஒன்பதால் பெருக்கினால் வரிசையாக ஒன்பது ஒன்றுகள் வரும், பதினெட்டால் பெருக்கினால் ஒன்பது இரண்டுகள். முப்பத்தேழையும் 333667ஐயும் பெருக்கினாலும் இதே எண்தான். அந்த இரண்டையும் அதற்கு மேல் உடைக்க முடியாது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வித்தை மட்டும்தான். தென்காசி இரும்புக் கடையில் என்னோடு வேலை பார்த்த சுரண்டை செல்லத்துரைக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன். கடையிலிருந்த பெரிய கால்குலேட்டரில் தட்டித் தட்டிப் பழகிக்கொண்டான்.

அவனுக்கு ராயகிரியில் பெண் பேசியிருந்தார்கள். அருவியில் குளிக்க வந்த சாக்கில் குற்றாலத்திலேயே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. செல்லத்துரைக்குத் துணையாக நானும் போயிருந்தேன். பெண் கோமதிக்குச் சம்மதம். அவள் அப்பாதான் இழுத்துக்கொண்டிருந்தார். பையன் எட்டாந்தேதி பிறந்தவன், எட்டு ஆகாது என்பது அவர் கட்சி.

ஈரத்துண்டோடு அவர் பஜ்ஜிக் கடையோரம் வந்து உட்கார்ந்ததும் செல்லத்துரை ஆரம்பித்தான். "மாமா, ஒங்களுக்குப் பிடிச்ச நம்பர் ஒண்ணு சொல்லுங்க."

"மூணு."

துபாயிலிருந்து பக்கத்து வீட்டு அண்ணாச்சி கொண்டுவந்து கொடுத்த குட்டிக் கால்குலேட்டரை எடுத்து, 12345679ஐத் தட்டி, மூன்றொன்பது இருபத்தேழால் பெருக்கினான். ஒன்பது மூன்று வரவேண்டும். அந்தக் குட்டியில் எட்டு இலக்கத்துக்குத்தான் இடம். பிழை காட்டி நின்றுவிட்டது.

"பாத்தேரா, எட்டாந்தேதிக்காரன் தொட்டா மிஷினே நிக்குது" என்றார் என்னிடம். அவசரமாக எண்ணை எழுதிக் காட்டி விளக்கினேன். அது இன்னும் மோசமாகிப் போனது. "இதுலயும் எட்டைக் காணோம்லா? கணக்கே அதைத் தள்ளி வச்சிருக்கு. நான் தள்ளுனா மட்டும் குத்தமாக்கும்."

செல்லத்துரை முகம் செத்துவிட்டது. ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கோமதி, "தள்ளுன எட்டாலயே பெருக்கிப் பாருங்களேன்" என்றாள்.

பெருக்கினான். 98765432.

அப்பா வாங்கி வாய்விட்டு வாசித்தார். ஒம்போது, எட்டு, ஏழு என்று வரிசையாகப் படியிறங்கி இரண்டில் நின்றார். "ஒண்ணைக் காணோமே?"

"அதுவும் வந்தா ஒம்போது இலக்கமாயிரும். மிஷின் மறுபடி நின்னுரும்ப்பா."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு செல்லத்துரையிடம், "சரி மாப்ள, புளிச்சோத்தைப் பிரிங்க" என்றார். அதுவரை அவனை 'தம்பி' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இன்றைக்குக் கைபேசியில் தட்டினால் ஒன்பது மூன்றும் தங்குதடையில்லாமல் வந்து நிற்கின்றன. அன்றைக்கும் அப்படி வந்திருந்தால் அவர், "நல்லாருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டு ராயகிரி பஸ்ஸைப் பிடித்திருப்பார். இடம் பற்றாமல் திணறி, பக்கத்தில் நிற்கிறவளைப் பேசவைக்கிற கருவி இப்போது எந்தக் கடையிலும் இல்லை.