மாரீஸ்வரி டீச்சரின் இலைதின்னி

என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த மறுநாள் அது. ஞாயிற்றுக்கிழமை. கம்பம் ஆஸ்பத்திரி மாடியில் பேத்தி முகத்தைப் பார்த்துவிட்டு, எதிரில் வந்தவர்களுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்துக்கொண்டே இறங்கினேன். கீழே குழந்தைகள் வார்டு வாசலில் மாரீஸ்வரி நின்றிருந்தாள். எங்கள் தெருப் பெண். சுருளிப்பட்டி ரோட்டில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் டீச்சர்.

"பேத்தியா மாமா?"

"ஆமாத்தா. அப்படியே எங்க அம்மா சாடை."

"நல்லா இருக்கட்டும்," என்றவள் சாக்லேட்டைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டாள்.

"என்னத்தா, என்ன ஆச்சு?"

"எம்பிள்ள உள்ள கெடக்கு மாமா. கயலு. வாயில நொர நொரையாத் தள்ளுது. கண்ணத் தொறக்கவே மாட்டேங்குது."

அவளுக்குப் பிள்ளை கிடையாது. வகுப்புப் பிள்ளைகளைத்தான் அப்படிச் சொல்வாள்.

மாரீஸ்வரி ஆண்டிபட்டியில் தறி ஓட்டும் வீட்டில் பிறந்தவள். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, கல்யாணமாகி இங்கே வந்தாள். புருஷன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஓட்டுகிறான். இங்கிலீஷை அவளாகவே கற்றுக்கொண்டாள். துணி துவைக்கும்போதும் தனியாக இங்கிலீஷில் பேசுவாள். "யாருகூட டீச்சர் சண்ட போடுறீக?" என்று தெருப் பெண்கள் கேலி செய்வார்கள்.

அவளிடம் படிப்பது திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகள். அவர்கள் வாயில் இங்கிலீஷ் வரவில்லை. பெற்றோர்கள் கோபப்பட்டார்கள், பள்ளி நடத்துகிற கரஸ்பாண்டென்டும் கோபப்பட்டார். அப்போதுதான் அவள் ஒரு டைனோசர் செய்தாள். சாக்குக்குள் வைக்கோல் திணித்து உடம்பு. சொட்டுநீர்க் குழாயை வளைத்து நீளக் கழுத்து. மேலே பழைய பச்சைச் சேலை. பெயர் டினு. டினு கறி தின்னாது, இலைதான் தின்னும். பிள்ளைகள் முருங்கை, கொத்தமல்லி, வாழை என்று கொண்டுவந்து அதன் வாயில் திணித்து, இலை, தண்டு, வேர் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ் பெயர் சொன்னார்கள். ஊமை மாதிரி இருந்த கயல்கூட, "டினு ஈட்ஸ் லீஃப்" என்று கத்தினாள். மாரீஸ்வரி அதைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தக் கயல்தான் உள்ளே கிடந்தாள். அவள் அம்மா முத்துலட்சுமி, தோட்டத்தில் திராட்சைக் கொடி கட்டிக்கொண்டிருந்தவள், பிள்ளையை அங்கிருந்து அப்படியே தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தாள்.

டாக்டரம்மா வெளியே வந்தார். "கண்ணுல கருமணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கு. இது விஷம். ஊசி ஆரம்பிச்சுட்டேன். என்ன மருந்து உள்ள போச்சுன்னு தெரிஞ்சாத்தான் மேற்கொண்டு பார்க்க முடியும். வீட்டுல என்ன வச்சிருந்தீங்க?"

"எங்க வீட்டுல எலி மருந்துகூடக் கெடையாதும்மா," என்றாள் முத்துலட்சுமி.

"மறைக்காதீங்க. போலீசுக்கும் சொல்லியாகணும்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். "மூணும் பொட்டப்பிள்ளையாம்ல."

முத்துலட்சுமி காதில் அது விழுந்துவிட்டது. "எவடீ அது? எம்பிள்ளைக்கு நானே குடுத்தேங்கியா? ஒன் நாக்கு அழுகிரும்டீ!" என்று பாய்ந்தாள். புருஷன் பொன்னுராஜ் அவளைப் பிடித்துக்கொண்டான்.

மாரீஸ்வரி என் கையைப் பிடித்தாள். "மாமா, நான்தான் மாமா."

"என்னத்தா சொல்ற?"

"வெள்ளிக்கெழம வீட்டுப்பாடம் குடுத்தேன். லீவுல எல்லாரும் டினு மாதிரி இருக்கணும், எல தின்னணும், திங்கக்கெழம வந்து என்ன எலன்னு இங்கிலீஷுல சொல்லணும்னு. கீரையத்தான் மாமா நெனச்சேன். அது அம்மாகூடத் தோட்டத்துக்குப் போயிருக்கு. அங்கன திராட்சப் பந்தலு எலதானே கைக்கு எட்டும்."

கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து தளிர் விடுகிற நேரம். தோட்டம் தோட்டமாகப் பூச்சி மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது அவள் போன் அடித்தது. கரஸ்பாண்டென்ட். அவர் போட்ட சத்தம் எனக்கே கேட்டது. "அங்கன எதுக்கு நிக்கிற? வீட்டுப்பாடம் அது இதுன்னு வாயத் தொறந்த, நாளைக்குப் பள்ளிக்கூடமே இருக்காது. பேசாம வீட்டுக்குப் போ."

அவள் போனை அணைத்தாள். வார்டுக் கதவையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தாள். போய்விடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் நேராக டாக்டரம்மா முன்னால் போய் நின்றாள். "அவுக மேல தப்பில்ல மேடம். எல திங்கச் சொன்னது நான்."

முத்துலட்சுமி திரும்பிப் பார்த்தாள். டாக்டரம்மா மாரீஸ்வரியை உள்ளே இழுத்துப் போனார். ஜன்னல் வழியே எனக்குப் பார்க்கவும் கேட்கவும் முடிந்தது. மாரீஸ்வரி கட்டிலோரம் மண்டியிட்டு, வகுப்பில் டினுவுக்காகப் பேசுகிற கட்டைக் குரலில் கேட்டாள்.

"கயல், நான் டினு. வாட் டிட் யூ ஈட்?"

மறுபடி கேட்டாள். மறுபடியும் கேட்டாள்.

"லீஃப்," என்றது பிள்ளை, எச்சில் வழிய.

"எந்த எலடா தங்கம்?"

"பந்தலு... தண்ணி சொட்டுச்சு."

மருந்து ஈரம் காயாத இலை. பொன்னுராஜ் யாருடைய பைக்கையோ வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் பறந்தான். காலி மருந்து பாட்டிலோடு திரும்பினான். டாக்டரம்மா அதன் மேல் இருந்ததைப் படித்துவிட்டு, மருந்துகளை மாற்றச் சொல்லி உள்ளே ஓடினார்.

அதற்குப் பிறகுதான் முத்துலட்சுமி மாரீஸ்வரியிடம் வந்தாள். அடிக்கப்போகிறாள் என்று நான் குறுக்கே போனேன். அவள் அடிக்கவில்லை.

"எதத் திங்கணும்னு சொல்லிக் குடுத்தியே, எதத் திங்கக் கூடாதுன்னு ஏன்டீ சொல்லிக் குடுக்கல? நீயெல்லாம் ஒரு டீச்சரா?"

மாரீஸ்வரி சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. பிள்ளைக்கு மூச்சு சீரானது என்று நர்ஸ் சொன்னபோதும் உள்ளே போகத் துணியவில்லை. மறுநாள் வேலை போயிற்று. டினுவை ஆளைவிட்டுக் குப்பையோடு வைத்துக் கொளுத்தினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

கயல் பிழைத்துக்கொண்டாள். ஆனால் சாப்பிட மறுத்தாள். எதை நீட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டாள். என் மகளையும் பேத்தியையும் வீட்டுக்குக் கூட்டிப் போக நான் வந்த அன்று, முத்துலட்சுமி மாடி ஏறி என்னைத் தேடி வந்தாள்.

"ஒங்க தெருதானே அந்தப் பொம்பள? வரச் சொல்லுங்க. அவ சொன்னாத்தான் இது வாயத் தொறக்கும்போல."

மாரீஸ்வரி வந்தாள். கட்டில் பக்கம் போகாமல் கதவோரமே நின்றாள். கயல்தான் கேட்டாள்.

"மிஸ், டைனோசர் எல்லாம் செத்துப் போச்சுன்னு சொன்னீகள்ல?"

"ஆமாடா."

"மருந்தடிச்ச எலயத் தின்னுதான் செத்துச்சா?"

முத்துலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இல்லடா," என்றாள் மாரீஸ்வரி. "அப்ப மருந்தும் இல்ல, தோட்டமும் இல்ல, அடிக்க ஆளும் இல்ல. வானத்துல இருந்து பெரிய கல்லு விழுந்துச்சு."

"இட்லியில மருந்து இருக்கா?" என்று கட்டிலில் இருந்த தட்டைக் காட்டினாள் கயல்.

மாரீஸ்வரி பக்கத்தில் போய், ஒரு துண்டைப் பிட்டுத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள். கயல் அந்த வாயையே ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் தன் வாயைத் திறந்தாள்.

பாதி இட்லி உள்ளே போனது. மாரீஸ்வரி கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். "நாளைக்கும் வருவீகளா மிஸ்?" என்றது பிள்ளை. மாரீஸ்வரி முத்துலட்சுமியைப் பார்த்தாள்.

முத்துலட்சுமி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டே மகளிடம் சொன்னாள்.

"வருவாக."